அந்தப் பிரபஞ்சத்தில் என் அக்கா பள்ளி பஸ் ஏறியிருப்பாளா?

கேள்வி
எழுதியவர்: ஊசிநூல் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பகுதியில் எழுதுகிறவர்கள் அறிவியல் படித்தவர்கள் என்று தெரியும். நான் படிவம் ஐந்து வரைதான். மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் சந்தைக்குப் பின்னால் உள்ள கடை வரிசையில் இருபத்தாறு வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இந்தக் கேள்வியை என் அக்காவுக்காகக் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகச் சொன்னால்தான் புரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் பிறந்து வளர்ந்தது இங்கிருந்து ஏழு மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில். இப்போது அங்கே பால்மரம் ஒன்றுகூட இல்லை. பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. அப்பாவுக்கு வெளிக்காட்டு வேலை, அம்மா பால் எடுக்க ரப்பர் மரம் சீவினார். அக்காவுக்கும் எனக்கும் நான்கு வயது வித்தியாசம். 1978-ல் அக்கா ஆறாம் வகுப்பை முடித்தாள். தோட்டத்துப் பள்ளியில் எப்போதும் அவள்தான் முதல். அடுத்த ஜனவரியில் டவுனுக்குப் போய்ப் புகுமுக வகுப்பில் (இடைநிலைப்பள்ளியின் முதல் படிவத்துக்கு முந்தைய ஒரு வருட வகுப்பு) சேர வேண்டும். அம்மா கூட்டுக் காசில் வெளிர்நீலத் துணி வாங்கி, லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) கடைசி வீட்டுப் பாட்டியிடம் கொடுத்து பினஃபோர் (கையில்லாத பள்ளிச் சீருடை) தைத்தும் வைத்துவிட்டார். வளர்கிற பிள்ளை என்று கீழே நாலு விரல் அகலத்துக்கு உள்ளே மடித்துத் தைக்கச் சொன்னார்.

அந்த டிசம்பர் மழையில் தம்பிக்கு இழுப்பு வந்தது. ஒன்றரை வயது அவனுக்கு. ஆயாக்கொட்டாயில் முப்பது பிள்ளைகளுக்கு மேல், பார்த்துக்கொள்ள ஒரே ஆயா. ஒருநாள் மதியம் அம்மா போய்த் தூக்கியபோது உதடு நீலமாக இருந்தது. டிரசர் (தோட்டத்து ஆஸ்பத்திரி மருத்துவ உதவியாளர்) பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை பக்கத்தில் எந்நேரமும் ஓர் ஆள் இருக்க வேண்டும், நெஞ்சு உள்ளே இழுத்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்றார். அம்மா வேலையை விட்டால் அடுப்பு எரியாது. விடியுமுன்னே பெரட்டு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் நேரம். ஆக, அக்கா வீட்டில் நின்றாள். யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததாக எனக்கு நினைவில்லை. ஜனவரியில் பள்ளி பஸ் வந்தது. அக்கா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பஸ் போய்விட்டது.

பதினாறு வயதில் அக்காவும் மரம் சீவும் உளியைப் பிடித்தாள். 1983-ல் நான் புகுமுக வகுப்புக்குப் போனது அவளுடைய அதே பினஃபோரில்தான். நான் அக்காவைவிட உயரம், அதனால் அந்த மடிப்பைப் பிரித்துவிட வேண்டியிருந்தது. நாலு வருடம் தகரப் பெட்டியில் மடிந்தே கிடந்த துணி. பிரித்த இடத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. கோட்டுக்கு மேலே ஒரு நீலம், கீழே இன்னும் கொஞ்சம் அடர்ந்த நீலம். எவ்வளவு இஸ்திரி போட்டும் அது போகவில்லை. துணிக்கடையிலும் தையல் மேசையிலும் இத்தனை வருடம் இருந்துவிட்டேன், இன்றைக்கும் ஒரு பழைய பாவாடையின் மடிப்பைப் பிரிக்கும்போது கை ஒரு நொடி நிற்கும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன பள்ளி விடுமுறையில் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். அவன் மகள் ஆறாம் படிவத்தில் இயற்பியல் படிக்கிறாள். பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். அவள் அக்காவிடம் சொன்னாள்: “பெரிய அத்தை, நாம ஒவ்வொரு முடிவு எடுக்கறப்பவும் பிரபஞ்சம் ரெண்டா பிரியுதாம். ஒன்னுல நீங்க பஸ் ஏறல. இன்னொன்னுல ஏறிட்டீங்க. அங்க நீங்க டீச்சரா இருக்கீங்க.” அன்பாகத்தான் சொன்னாள். அக்கா முறுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அக்கா மரம் சீவுவதை விட்டுப் பதினைந்து வருடம் ஆகிறது. இன்னும் நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். மறுநாள் அந்த நேரத்தில் என்னை எழுப்பிக் கேட்டாள்: “அவ சொன்னது நெசமா? அங்க இருக்கறதும் நான்தானா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. கைப்பேசியில் தேடிப் படித்தேன், ஒரு பக்கம் உண்டு என்கிறது, மறு பக்கம் கதை என்கிறது. நம் பிரபஞ்சத்தைத் தாண்டி வேறு பிரபஞ்சங்கள் இருக்கின்றனவா? இருந்தால் அங்கே இருப்பது அக்காதானா? அக்கா எதையும் சும்மா கேட்கிறவள் அல்ல. மனம் குளிரட்டும் என்று பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1
எழுதியவர்: ஸ்கூடாய் மாணவன்

வணக்கம் அக்கா. நான் ஜோகூரில் மின்பொறியியல் மூன்றாம் ஆண்டு. உங்கள் தம்பி மகள் சொன்னது ஹியூ எவரெட் 1957-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக முன்வைத்த கருத்து. அணு அளவிலுள்ள ஒரு துகள் இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம் என்ற இரண்டு நிலைகளிலும் ஒருசேர இருக்கும். அளந்து பார்த்தால் ஒன்றுதான் நமக்குத் தெரிகிறது. அப்படியானால் மற்றது எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, அதைப் பார்த்த இன்னொரு நீங்கள் இன்னொரு கிளையில் இருக்கிறீர்கள் என்றார் எவரெட். அவர் அணு உலகத்துக்கான குவாண்டம் இயற்பியலின் சமன்பாட்டில் புதிதாக ஒன்றையும் சேர்க்கவில்லை. இருக்கிற சமன்பாட்டை அப்படியே நம்பினார், அவ்வளவுதான்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அக்காவிடம் ஆமாம் என்றே சொல்லுங்கள். அங்கே அவர் டீச்சர்தான்.


பதில் 2
எழுதியவர்: கூலிம் ஆய்வுக்கூடம்

சகோதரி, நான் மருத்துவ ஆய்வுக்கூடத்தில் ரத்த மாதிரி பார்க்கிறவள். மாதிரி இல்லாமல் முடிவு எழுதக்கூடாது என்பதுதான் என் பிழைப்பு. அதனால் மேலே தம்பி சொன்னதுபோல் “ஆமாம் என்றே சொல்லுங்கள்” என்று என்னால் சொல்ல முடியாது.

இன்னொரு பிரபஞ்சத்தை யாரும் பார்த்ததில்லை. அங்கிருந்து ஒளி வராது, செய்தி வராது. ஜார்ஜ் எல்லிஸ், ஜோ சில்க் என்ற இரண்டு பெரிய அண்டவியலாளர்கள் 2014-ல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார்கள். சோதித்துப் பார்க்க வழியில்லாத ஒன்றை, அழகாக இருக்கிறது என்பதற்காக அறிவியல் என்று ஏற்றுக்கொள்ளத் தொடங்கினால் அறிவியலின் மீதுள்ள நம்பிக்கையே போய்விடும் என்பது அவர்கள் கவலை. எனக்கும் அதே கவலை. உங்கள் அக்கா நாலரை மணிக்கு எழுப்பிக் கேட்டிருக்கிறார். அவருக்கு நிரூபணமாகாத ஒன்றை நிஜம் என்று கொடுத்துவிடாதீர்கள்.


பதில் 3
எழுதியவர்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் (தெலுக் இந்தான்)

அம்மா, உங்கள் கேள்வியை மூன்று தடவை படித்தேன். பேராக் மாநிலத்து இடைநிலைப்பள்ளிகளில் முப்பத்தொரு வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தேன். என் அப்பாவும் மரம் சீவியவர்தான். அக்காவுக்குப் புரியும்படி எழுதப் பார்க்கிறேன். படித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒன்று. “வேறு பிரபஞ்சம்” என்ற ஒரே பெயரில் வேறு வேறு சங்கதிகளைப் பேசுகிறார்கள். குழப்பம் அங்கேதான் வருகிறது.

விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குள் (மரவரிசைக்குள்) போவோமே, அதிலிருந்து தொடங்குகிறேன். விளக்கு வெளிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு மரம் தெரியும். அதற்குப் பிறகு இருட்டு. தோட்டம் அங்கேயே முடிந்துவிட்டது என்று யாராவது நினைப்பார்களா? நம் பிரபஞ்சத்துக்கு வயது ஏறத்தாழ 1380 கோடி ஆண்டு. அதற்குள் நம்மை வந்தடைந்த ஒளியைத்தான் நாம் பார்க்க முடியும். அந்த ஒளி புறப்பட்ட இடங்கள், நடுவில் விண்வெளி விரிந்துகொண்டே போனதால், இன்று 4600 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கின்றன. இதுதான் நம் விளக்கு எட்டும் தூரம். அதற்கு அப்பாலும் நிரை போகிறது. இதில் பெரிய சர்ச்சை இல்லை. எவ்வளவு தூரம் போகிறது, முடிவே இல்லாமலா என்பதுதான் கேள்வி. 2009-ல் ஏவிய பிளாங்க் விண்கலத்தின் அளவீடுகளின்படி விண்வெளி அளவீட்டுப் பிழைக்குள் வளைவில்லாமல் தட்டையாகவே இருக்கிறது. தட்டையாக இருந்தால் முடிவில்லாமல் போகலாம். போகத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

முடிவில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அக்காவிடம் கோலத்தை வைத்துச் சொல்லுங்கள். ஐந்துக்கு ஐந்து புள்ளி வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை மட்டும் நேராக இணைக்கலாம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 40 இடத்தில் கோடு போடலாம். ஒவ்வோர் இடத்திலும் போடலாம் அல்லது விடலாம். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி விதமான கோலம் வரும். மிகப் பெரிய எண்தான், ஆனாலும் முடிவுள்ள எண். இப்போது முடிவே இல்லாத ஒரு லயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு ஒரு கோலம், மனம்போனபடி. 1.1 லட்சம் கோடி வாசல்களுக்கு அப்புறம் புதுக் கோலம் தீர்ந்துவிடும், போட்டதையே திரும்பப் போட்டாக வேண்டும். உங்கள் வாசல் கோலம் கம்பி பிசகாமல் எங்கோ இன்னொரு வாசலில் இருக்கும். ஒரே ஒரு கம்பி மட்டும் மாறிய கோலமும் இருக்கும். நம் விளக்கு எட்டும் தூரத்துக்குள் அணுக்கள் அடுக்கப்படுவதற்கும் முடிவுள்ள எண்ணிக்கையில்தான் வழிகள் உண்டு என்று மேக்ஸ் டெக்மார்க் என்ற இயற்பியலாளர் இப்படித்தான் கணக்குப் போட்டார். நம்மைப் போலவே ஒருவர் இருக்கக்கூடிய தூரத்தை எழுத 1-க்குப் பின்னால் போட வேண்டிய சைபர்கள் எத்தனை தெரியுமா? அந்த எண்ணிக்கையே 25 இலக்கங்களைத் தாண்டும்.

ஆக அம்மா, லயம் முடிவில்லாததாக இருந்து, கோலங்கள் மனம்போனபடி போடப்பட்டிருந்தால், பஸ் ஏறிய ஒரு பெண் எங்கோ இருப்பார். அந்த இரண்டு ‘இருந்தால்’ மட்டும் அக்காவின் காதில் தெளிவாக விழட்டும்.

அடுத்தது நுரை. சின்ன வயதில் அப்பாவுடன் காண்டா வாளி (தோள்கம்பில் தொங்கும் பால் வாளி) தூக்கிப் போய் ஸ்டோரில் பால் ஊற்றுவதைப் பார்ப்பேன். தொட்டியில் பால் விழுந்ததும் நுரை கட்டும், குமிழி குமிழியாக. அந்தத் தொட்டிப் பால் கண் இமைக்குமுன் இரண்டு மடங்காகி, நான்கு மடங்காகி, நிற்காமல் பெருகிக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? நம் பிரபஞ்சம் பிறந்த முதல் நொடியின் மிகச் சிறிய பங்கில் விண்வெளி அப்படிப் பெருகியது என்று ஆலன் கூத் என்ற இயற்பியலாளர் 1981-ல் எழுதினார். அந்தப் பெருக்கம் எல்லா இடத்திலும் ஒரே சமயத்தில் நிற்க வேண்டியதில்லை என்று விலென்கின், லிண்டே என்ற இயற்பியலாளர்கள் பிறகு காட்டினார்கள். நின்ற இடம் ஒரு குமிழி. நாம் இருப்பது ஒரு குமிழிக்குள். குமிழிகளுக்கு நடுவில் பால் இன்னும் பெருகுகிறது, புதுக் குமிழிகள் பிறந்துகொண்டே இருக்கின்றன. ஒரு குமிழிக்குள் இருக்கும் இயற்கை விதி அடுத்ததில் அப்படியே இருக்க வேண்டியதில்லை.

இது வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியாதபடி ஒரு காரியம் நடந்தது. வெற்றிடத்துக்கே ஓர் ஆற்றல் இருந்தால் அது விண்வெளியைத் தள்ளும். தள்ளல் அதிகமானால் விண்மீன் கூட்டங்கள் சேரவே முடியாது, நாமும் இல்லை. பல பிரபஞ்சங்களில் இந்த ஆற்றல் பல அளவாக இருந்தால், உயிர் பிறந்த இடத்தில் அது சின்னதாக இருக்கும், ஆனால் சுத்தப் பூஜ்யமாக இருக்க வேண்டியதில்லை என்று ஸ்டீவன் வைன்பெர்க் என்ற இயற்பியலாளர் 1987-ல் கணக்கிட்டார். பலர் அதைப் பூஜ்யம் என்றே எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. 1998-ல் இரண்டு குழுக்கள் தூரத்து வெடிமீன்களை அளந்து, பிரபஞ்சத்தின் விரிவு வேகம் கூடிக்கொண்டு போகிறது என்று கண்டார்கள். பூஜ்யம் இல்லை, சின்ன எண். அதற்கு 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது. இதற்கு வேறு விளக்கங்களும் இருக்கலாம். ஆனாலும் நான் இதை லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கூலிம் சகோதரிக்கு ஒரு வார்த்தை. சோதிக்கவே வழியில்லை என்பது முழுக்கச் சரியில்லை. இரண்டு குமிழி உரசினால் ஒட்டிய இடத்தில் வட்டத் தடம் விழும் அல்லவா? பிரபஞ்சம் பிறந்து 3,80,000 ஆண்டுகள் ஆனபோது புறப்பட்ட பழைய ஒளி இன்னும் வானம் முழுக்க இருக்கிறது. 1964-65-ல் பென்சியாஸ், வில்சன் என்ற இரண்டு வானியலாளர்கள் தங்கள் ஆன்டெனாவில் ஓயாத இரைச்சலாக அதைத்தான் கேட்டார்கள். இலங்கையில் பிறந்த ஹிரண்யா பெய்ரிஸும் அவருடன் சேர்ந்தவர்களும் 2011-ல் அந்த ஒளியின் வரைபடத்தில் வட்டத் தடங்களைத் தேடினார்கள். சந்தேகத்துக்கு இடமான சில இடங்கள் கிடைத்தன, நிரூபணம் என்று சொல்லும் அளவுக்கு எதுவும் இல்லை. அப்படியே எழுதினார்கள். தேடத் தெரிந்திருக்கிறது, இன்னும் கிடைக்கவில்லை. நான் நிற்பது இந்த இடத்தில்தான்.

அந்த இரைச்சல் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கிறது. பழைய பெட்டி டிவியில் சேனல் இல்லாத இடத்தில் வெள்ளையும் கறுப்புமாகப் புள்ளி ஓடுமே, அதில் நூற்றில் ஒரு பங்கு அந்தப் பழைய ஒளிதான்.

இனி எவரெட். ஸ்கூடாய் தம்பி நன்றாகச் சொன்னார், ஆனால் ஒரு திருத்தம். நாம் எடுக்கும் முடிவால் பிரபஞ்சம் பிரிவதில்லை. அணு அளவில் நடப்பதால் பிரிகிறது. உங்களைப் பெற்ற அம்மாவின் முடிவு எதனால் வந்தது? கூலி, மழை, முப்பது பிள்ளைக்கு ஓர் ஆயா. அவை ஒரு துகள் இப்படியோ அப்படியோ போனதால் எளிதில் மாறக்கூடியவை அல்ல. அந்த டிசம்பரிலிருந்து பிரிந்த கிளைகளை எண்ணினால், பெரும்பாலானவற்றிலும் அந்தத் தோட்டத்தில் ஒரே ஆயாதான் இருந்திருப்பார். இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் உங்கள் அக்கா உண்மையைத்தான் கேட்டார்.

“அங்க இருக்கறதும் நான்தானா?” இது நல்ல கேள்வி. பிரியும் நொடி வரை இருவருக்கும் ஒரே வாழ்க்கை, ஒரே அம்மா, ஒரே பினஃபோர். அதற்குப் பிறகு அவர் வேறு ஆள். அவர் சந்தோஷப்பட்டால் இங்கே அக்காவுக்குத் தெரியாது. அக்காவின் கால்வலி அவருக்கு வலிக்காது. ஒரே கிளையில் பிறந்த இரண்டு பெண்கள் என்று வேண்டுமானால் சொல்லலாம்.


பதில் 4
எழுதியவர்: கோலகங்சார் ஓதுவார்

ஆசிரியர் ஐயா எழுதியதற்கு மேல் அறிவியலில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் பகிர்ந்துகொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பிள்ளைகளுக்குத் திருமுறை வகுப்பு எடுக்கிறேன். மாணிக்கவாசகரின் திருவண்டப்பகுதியில் அண்டங்கள் “நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன” என்று வரும். இறைவனுக்கு முன்னால் அவை எவ்வளவு சின்னவை என்பதற்கு அவர் சொல்லும் உவமை, வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கும் தூசு.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தகரக் கூரையில் ஆணி போன ஓட்டை வழியாகக் காலையில் ஒரு கம்பி வெயில் உள்ளே இறங்கும். அதில் தூசு மேலும் கீழும் ஓடும். நான் பாயில் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பாட்டைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்தக் கூரைதான் ஞாபகம் வந்தது. விஞ்ஞானிகள் கண்டுபிடித்ததை அவர் முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் பாடியது பக்தி, அளந்து சொன்னது அல்ல. ஆனால் பல அண்டம் என்ற நினைப்பு நம் ஆட்களுக்கு அந்நியம் இல்லை. கோயிலில் அகிலாண்டகோடி பிரம்மாண்ட நாயகி என்று பூசாரி சொல்லும்போது அக்கா எத்தனை முறை கைகூப்பியிருப்பார்! அதையும் அவரிடம் சொல்லுங்கள்.


பதில் 5
எழுதியவர்: ஊசிநூல் (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. நேற்றுக் கடை சாத்திய பிறகு அக்காவுக்கு எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். சாயங்காலங்களில் அவள் கடைக்கு வந்து பட்டன் வைப்பாள், கொக்கி தைப்பாள். உளி பிடித்துப் பிடித்து வலது கை ஆள்காட்டி விரல் முழுதாக நிமிராது. ஊசியை நடுவிரலால்தான் தள்ளுவாள். வாசிக்க வாசிக்கக் கொக்கி தைத்துக்கொண்டே இருந்தாள்.

கோலக் கணக்கில் நிறுத்தச் சொன்னாள். “அஞ்சு புள்ளியில அவ்வளவா?” என்று கேட்டு, சாக்கட்டியை எடுத்து வெட்டு மேசையில் புள்ளி வைத்து, நாற்பது இடத்தையும் விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது. அப்புறம் மேலே படி என்றாள்.

‘பெரும்பாலான கிளைகளிலும் ஒரே ஆயா’ என்ற இடத்தைப் படிக்க எனக்குத் தயக்கமாக இருந்தது. படித்தேன். அக்கா தலையாட்டினாள். “வாத்தியார் சரியா சொல்றாரு” என்றாள்.

முழுக்கக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: “நான் பஸ் ஏறிட்டேன்னா, அந்தப் பிப்ரவரியில தம்பிய யாரு தூக்கிட்டு ஓடினது?”

நான் முதலில் எழுதியபோது இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். 1979 பிப்ரவரியில் ஒருநாள் காலை ஒன்பது மணி இருக்கும். பெரியவர்கள் எல்லாம் காட்டில். தம்பிக்கு மூச்சே இழுக்கவில்லை. அக்கா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மைல் செம்மண் பாதையில் ஓடினாள். காலில் சிலிப்பர்கூட இல்லை. எனக்கு எட்டு வயது, பின்னால் ஓடினேன், பாதி வழியில் நின்றுவிட்டேன். டிரசர் ஊசி போட்டார். இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அம்மாவிடம் சொன்னாராம்.

அக்கா கணக்குப் பார்க்கிற மாதிரிதான் சொன்னாள்: “அங்க நான் டீச்சர்னா, அங்க தம்பி இல்ல. தம்பி இல்லன்னா இந்தப் பிள்ளையும் இல்ல. அந்த டீச்சரம்மாகிட்ட வந்து, அத்தை உங்களுக்கு இன்னொரு உலகம் இருக்குன்னு சொல்ல அங்க ஆளே கிடையாது.”

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அக்காவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “ஆனாலும் நான் நல்லா படிச்சிருப்பேன்” என்றாள். நிச்சயம் படித்திருப்பாள். அதை நானும் அவளிடம் சொன்னேன். இத்தனை வருடத்தில் நேற்றுத்தான் முதல் தடவையாகச் சொன்னேன்.

கடைக்குப் பின்னால் ஒரு பழைய பெட்டி டிவி துணி மூட்டைக்கு அடியில் கிடந்தது. 2019-ல் பழைய ஒளிபரப்பை நிறுத்தியதிலிருந்து அதில் ஒன்றும் வராது. அக்கா அதை இழுத்துப் போடச் சொன்னாள். ஏரியல் இல்லாமல் சொருகினோம். புள்ளி ஓடியது. “இதுல எது?” என்று கேட்டாள். பிரித்துச் சொல்ல முடியாது, நூற்றுக்கு ஒன்று என்று ஐயா எழுதியிருக்கிறார் என்றேன். திரைக்குக் கிட்டே போய் ஒரு மூலையை மட்டும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துக் கூரை ஓட்டையில் தெரியும் தூசு பற்றி ஓதுவார் ஐயா எழுதியிருந்தாரே, அதைப் போலத்தான் இருக்கிறது என்றாள்.

ஐயா, அக்காவின் கேள்வி இன்னும் ஒன்று பாக்கி. அவள் சொன்னபடியே எழுதுகிறேன். “குமிழிக்குக் குமிழி விதி மாறும்னு சொன்னாரே. அங்கயும் விடிகாலையிலதான் பால் நல்லா வடியுமா, வெயில் ஏறினா நின்னுடுமா? கேட்டுச் சொல்லு.”


பதில் 6
எழுதியவர்: ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் (தெலுக் இந்தான்)

இந்தக் கேள்வியை முப்பத்தொரு வருடத்தில் எந்த மாணவரும் என்னிடம் கேட்டதில்லை.

இரவில் இலை அதிகம் நீரை இழப்பதில்லை. அதனால் விடிவதற்குள் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் ஏறி நிற்கும். உளி பட்டதும் பால் பீறிட்டு வருவது அதனால்தான். வெயில் ஏறினால் இலை நீரை விடும், அழுத்தம் இறங்கும், வடிவது குறையும். கோலக் கணக்கில் சொன்ன தூரத்து இடங்களில் விதி இதேதான். அங்கே பால்மரம் இருந்தால் விடிகாலையில்தான் சீவ வேண்டும். அந்த டீச்சரின் அம்மாவும் இருட்டில்தான் காட்டுக்குப் போயிருப்பார்.

வேறு குமிழி என்றால் எதையும் நம்ப முடியாது. அணுவைக் கட்டிவைக்கும் மின்விசையின் அளவு போதுமான அளவுக்கு மாறிவிட்டால் தண்ணீர் தண்ணீராக இருக்காது, மரமே இருக்காது. அங்கே சீவுவதற்கு ஒன்றும் இல்லை என்று அக்காவிடம் சொல்லுங்கள்.

நானும் ஒன்று கேட்கலாமா? வெயில் ஏறுவதற்குள் அக்கா எத்தனை மரம் சீவுவார்?


பதில் 7
எழுதியவர்: ஊசிநூல் (சுங்கை சிப்புட்)

கேட்டேன் ஐயா. ஐந்தே முக்காலுக்கு முதல் மரம். பத்து மணிக்குள் ஐந்நூற்று இருபது மரம். மழை பெய்திருந்தால் பட்டை காயும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான் என்றாள்.